அட்டை கடித்த கால்

1954 நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். பல் விளக்கி, கிணற்றில் பன்னிரண்டு வாளி இறைத்துத் தொட்டியை நிரப்பினேன். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன், ஞாயிறுதோறும் கொடுப்பது வழக்கம். சவரம் செய்துகொண்டேன். பிறகு முதல் நாள் டைரியைப் புரட்டி, எழுதாமல் விட்டது ஏதாவது உண்டா என்று பார்த்தேன். ஒன்று விட்டுப்போயிருந்தது. "கடையில் வெள்ளைக் கோடிச் சீலை ஒன்று எடுத்தேன்" என்று எழுதி மூடினேன்.

அந்தச் சீலை என் தங்கைக்கு. தாலி இறக்குகிற அன்று பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அது அண்ணன் கடமை. மறுநாள் திங்கட்கிழமை காலை சிலமலையில் அவள் புருஷனுக்குக் கருமாதி என்று முடிவாகியிருந்தது. அவர் செத்தாரா என்பது மட்டும் முடிவாகவில்லை.

அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு. போடிநாயக்கனூரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். மலையிலிருந்து காய்ச்சலோடு இறங்குகிறவர்களுக்குக் கொயினா மிக்ஸர் கலக்கி, பாட்டிலின் பக்கத்தில் ஆறு வேளைக்கு ஆறு பல் வெட்டிய காகிதத்தை ஒட்டிக் கொடுப்பது என் வேலை. அந்தப் பல்லில் ஒன்று பெரிதாக ஒன்று சிறிதாக வெட்டுப்பட்டுவிட்டால் வேறு காகிதம் எடுப்பேன். வரிசையில் நிற்பவர்கள் திட்டுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த நாலு நாள் நான் இருப்புக்கொள்ளாமல் அலைந்ததற்கு இந்தக் குணமும் ஒரு காரணம் என்பதால் சொல்கிறேன்.

தங்கை புருஷனை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். பூப்பாறைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார். மாதம் ஒரு முறை இறங்கி வருவார். 1953 மார்ச்சில் மேலே போனவர் திரும்பவில்லை. தோட்டத்தில் கேட்டால், சனிக்கிழமை கணக்கு முடித்துக் கிளம்பிவிட்டார் என்றார்கள். குறுக்குப்பாதையில் உருண்டிருப்பார் என்று சிலர் சொன்னார்கள். யானை என்று சிலர். சட்டையோ செருப்போ எதுவும் கிடைக்கவில்லை. தங்கை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இருபது மாதமாக எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது, பிள்ளை இல்லை.

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு மாப்பிள்ளையின் தாயார் சிலமலையிலிருந்து பஸ்சில் வந்து டிஸ்பென்சரி வாசலில் நின்றார். அத்தை என்று கூப்பிட்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அப்பு, எம் மவனைப் பார்த்திருக்காகப்பா. மலையில பார்த்திருக்காக."

"நல்ல சேதிதானே அத்தை? அதுக்கு ஏன் அழுகுறீக?"

"ஆளைப் பார்க்கலப்பா. அதைப் பார்த்திருக்காக."

சிலமலைக்காரப் பெண் ஒருத்தி போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போயிருக்கிறாள். தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் பொழுது மசங்கும் நேரத்தில் ஓடைக்கரையில் மாப்பிள்ளையைப் பார்த்தாளாம். சின்ன வயதிலிருந்து தெரிந்த முகம். கூப்பிட்டிருக்கிறாள். திரும்பிப் பார்த்துவிட்டு, பேசாமல் செடிக்குள் மறைந்துவிட்டதாம். பாதம் இல்லையாம். அன்று ராத்திரி பிடித்த காய்ச்சல் அவளுக்கு மூன்று நாள் விடவில்லை. இறங்கி வந்ததும் அத்தையிடம் சொல்லியிருக்கிறாள். அத்தை நேரே கோடாங்கியிடம் போனார். அவர் உடுக்கை அடித்துக் குறி சொன்னார்.

"ரெண்டு மலைக்கு நடுவுல, தண்ணிச் சத்தம் கேக்குற எடத்துல, தாகத்தோட நிக்கிறான்னாரு அப்பு. கண்ணால பார்த்த மாதிரி சொன்னாரு."

"அத்தை, ஐப்பசியில அந்த மலையில தண்ணிச் சத்தம் கேக்காத எடமே கிடையாதே."

"அப்ப அவரு சொன்னது சரிதானே?" என்றார்.

ஆறு மாதமாக மகன் கனவில் வந்து தண்ணீர் கேட்பதாகவும் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உசுரோட இருந்தா எம் மவன் என்னைப் பார்க்காம இருபது மாசம் இருப்பானா? நீயே சொல்லு" என்றார். பஸ் ஏறுவதற்குள் இதை மூன்று முறை கேட்டார். பாதம், உடுக்கை, கனவு எல்லாம் அவருக்குப் பிறகு வந்து சேர்ந்தவை என்று இப்போது தோன்றுகிறது. அவருடைய அத்தாட்சி இந்த ஒரு கேள்விதான். மகன் உயிரோடு இருக்கிறான் என்றால் அவன் பெற்றவளை மறந்தவன். அப்படி ஒரு பிள்ளையை அவர் பெறவில்லை.

"திங்கக்கிழமை விடிஞ்சதும் தங்கச்சியைக் கூட்டிட்டு வந்துரு. கோடியை மறந்துறாத."

சாயங்காலம் தங்கையிடம் சொன்னேன். மாவாட்டிக்கொண்டிருந்தாள். குழவியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"முகத்தைப் பார்த்தாளாமா?"

"பார்த்தாளாம்."

"அவருதானாமா?"

"அவருதானாம்."

"அப்ப உசுரோட இருக்காரு" என்று சொல்லிவிட்டு மறுபடி ஆட்ட ஆரம்பித்தாள், முன்னைவிட வேகமாக.

ஒருத்தி பார்த்த ஒரே காட்சி. அதை வைத்துக் காலையில் ஒரு வீட்டில் அவர் செத்துப்போனார், மாலையில் இன்னொரு வீட்டில் பிழைத்துக்கொண்டார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நான் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் அன்று இரண்டு முறை சாப்பிட்ட கையைக் கழுவினேன்.

"சாமிகிட்டயே கேட்டுருவோமே" என்றாள் என் மனைவி. சனிக்கிழமை காலை கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பூ வந்தால் உயிரோடு இருக்கிறார், சிவப்பு வந்தால் இல்லை. ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி வைத்து, இலையில் ஒரே அளவாக மடித்துக் கட்டியது நான். சந்நிதியில் போட்டு, சாமி கும்பிட வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னோம். வெள்ளை வந்தது. சிலமலைக்குச் சொல்லி அனுப்பினேன். மத்தியான பஸ்சில் பதில் வந்தது: "பொட்டணம் கட்டினது யாருன்னு கேக்கச் சொன்னாக."

கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் கோபம் போய்ச் சந்தேகம் வந்தது. அரளி மொத்தமான காம்பு உள்ள பூ. எந்தப் பொட்டணத்தில் எது என்று என் விரலுக்குத் தெரியும். கீழே வைக்கும்போது வெள்ளையை அந்தப் பெண்ணின் வலது கைப் பக்கம் வைத்தேனா? வைத்த ஞாபகம் இருந்தது. தெரிந்து வைத்தேனா என்பது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மிச்சப் பூக்களை வைத்து எனக்கு விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டேன். இந்த வீட்டில் கிணறு உண்டா? சிவப்பு, இல்லை. இன்று சனிக்கிழமையா? வெள்ளை, ஆமாம். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? சிவப்பு. மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்ன செய்யுறீக?"

"கேட்டுப் பார்க்கிறேன்."

"என்ன கேட்டீக?"

சொன்னேன். "கல்யாணம் ஆகலைன்னு வந்துச்சா? நல்லதாப் போச்சு, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். சாமிக்குப் பரீட்சை வைக்கிறதுக்கு அது என்ன உங்க டிஸ்பென்சரி மருந்தா?" என்று பூவையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டாள்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கிளம்பினேன். பார்த்தவளிடம் நானே கேட்டுவிடுவது என்று. வாசல்படி இறங்கும்போது மனைவி பின்னாலிருந்து, "சோறு கட்டலையே, எங்க நிக்காமப் போறீக?" என்றாள். எங்கே போகிறாய் என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் கெடும் என்பார்கள். திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனேன். கோடாங்கியை நம்பாதவன் தண்ணீர் குடித்தான் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆறரை மணி ஜீப்பு. பதினாலு பேர், இரண்டு மூட்டை அரிசி, ஒரு ஆடு. முந்தல் தாண்டி வளைவு வளைவாக ஏறி, போடிமெட்டுக்குப் போய்ச் சேர எட்டே முக்கால் ஆயிற்று. பனிமூட்டம் ரோட்டிலேயே நின்றது. டீக்கடையில் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்து வாங்கி முழங்கால் வரை தேய்த்துக்கொண்டேன். "கீழ்நாட்டுக் காலு, அட்டைக்கு அல்வா" என்றார் கடைக்காரர். அங்கிருந்து மூன்று மைல் நடை. அந்தப் பெண் மறுபடி வேலைக்குத் திரும்பியிருந்த தோட்டத்தை அடையும்போது பத்தே கால். காய்ப்புக் காலம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள் வேலை நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, இன்னொரு சாக்கை மடித்துத் தலையில் முக்காடாகப் போட்டிருந்தாள். எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "டிஸ்பென்சரி அண்ணன்தானே? எனக்குக் கசப்பு மருந்து கொடுத்தது நீங்கதான்" என்றாள். கை வேலையை நிறுத்தவில்லை. நானும் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"அன்னைக்குப் பார்த்ததை ஒரு தடவை சொல்றீங்களா?"

சொன்னாள். அத்தை சொன்ன மாதிரியே, அதே வரிசையில். பல தடவை சொன்ன கதை வழவழப்பாகிவிடும். நோயாளிகள் அப்படித்தான் வந்து சொல்வார்கள். அவர்களிடம் டாக்டர் எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்டுப் பார்த்தேன்.

"அவரோட எதை முதல்ல பார்த்தீங்க? முகமா?"

"முகம் எப்படிண்ணே தெரியும்? நான் தட்டையடியில உக்காந்திருக்கேன்ல."

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும். ஆனால் காய் மேலே காய்ப்பதில்லை. தட்டையின், அதாவது தண்டின், அடியில் தரையோடு படர்கிற சரத்தில் காய்க்கும். காய் எடுப்பவர்கள் நாள் முழுவதும் குனிந்தோ உட்கார்ந்தோதான் இருப்பார்கள். அவர்கள் கண்ணுக்கு மற்றவர்கள் காலாகத்தான் வருவார்கள், காலாகத்தான் போவார்கள். எனக்கு அப்போதுதான் அது உறைத்தது.

"அப்ப காலைப் பார்த்தீங்க."

"ஆமா. முழங்காலுக்குக் கீழ."

"பாதம்?"

"பாதம் இல்லைன்னுதானே சொல்றேன். வெறும் சருகுதான் இருந்துச்சு."

நான் அவள் காலைப் பார்த்தேன். கணுக்கால் வரை சருகுக்குள் இருந்தது. என் காலும் அப்படித்தான். அடுத்ததைக் கேட்டேன்.

"சரி, அந்தக் கால் என்ன செஞ்சுச்சு?"

"என்ன செய்யும். ஓடைக்கிட்ட நின்னுச்சு. பொறவு ஒரு காலைத் தூக்கிக் கல்லுல வச்சு, கத்தி முதுகால அட்டையைச் சுரண்டி எறிஞ்சுச்சு. ரத்தம் ஒழுகுச்சு. ஒரு எலையைக் கிழிச்சுத் தொடைச்சுச்சு. யாருடா இந்த நேரத்துலன்னு எந்திரிச்சுப் பார்க்கிறேன், அவரு."

அடுத்த தட்டையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏண்டி, பேயை அட்டை கடிக்குமா?"

நாலைந்து இடத்திலிருந்து ஒரே நேரத்தில் சிரிப்பு.

"அட்டைக்கு என்னடி தெரியும், ஆளு பேயா மனுசனான்னு?"

"ரத்தம் இல்லாத எடத்துல அது வாயே வைக்காது. என் கால்ல வைக்குது. உன் மாமியா கால்ல வைக்கச் சொல்லு பாப்போம்."

"செத்த மாட்டு மேல அட்டை ஏறிப் பார்த்திருக்கியா? மாடு கண்ணை மூடின உடனே அது எறங்கிப் போயிரும்."

இதைச் சொன்னவள் சிரிக்காமல் சொன்னாள். மற்றவர்களும் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் பார்த்த விஷயம். என் பக்கத்திலிருந்தவளின் கை முதல் முறையாகச் சரத்தை விட்டது.

"அது மனுசன் மாதிரியே எல்லாம் செஞ்சு காட்டும்னு எங்கப்பன் சொல்லும்" என்றாள், மெதுவாக.

"செஞ்சு காட்டுறதுக்கு அதுக்கு நீ ஒருத்திதான் கெடைச்சியாக்கும்!"

பச்சைக்காயை உலர்த்துகிற ஸ்டோருக்குச் சுமந்துகொண்டு போகும்போது அவள் என்னைத் தனியே நிறுத்தினாள். "அண்ணே, எனக்கு மூணு நாள் காய்ச்சல் அடிச்சது நெசம்" என்றாள். ஐப்பசியில் அந்த மலையில் யாருக்குக் காய்ச்சல் அடிக்கவில்லை என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"நீங்க பொய் சொன்னதா நான் நினைக்கலை."

"பொய் சொல்லலைண்ணே. யாரும் அட்டையைப் பத்திக் கேக்கலை. பாதம் இருந்துச்சா, பாதம் இருந்துச்சான்னுதான் ஊரே கேட்டுச்சு. அவரு ஆத்தா என் மடியில விழுந்து அழுதுச்சு. இப்பப் போயி நான் என்னத்தைச் சொல்ல?"

அட்டை கடித்த இடத்தில் ரத்தம் சீக்கிரம் நிற்காது. மத்தியானம் கடித்தது சாயங்காலம் வரை கசியும். காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு எத்தனையோ முறை மருந்து வைத்துக் கட்டியிருக்கிறேன். இலையால் துடைத்ததும், துடைக்கத் துடைக்க ஒழுகியதும் அவள் கற்பனையில் வரக்கூடிய விஷயம் இல்லை என்று எனக்குப் பட்டது. ஓடைக்கரைக்குப் போய் அந்தக் கல்லையும் பார்த்தேன். பதினெட்டு நாள் மழை கழுவிய கல்லில் என்ன இருக்கும்? இருந்தாலும் சுற்றி வந்து பார்த்தேன்.

ஸ்டோர் வாசலில் கங்காணி நின்றார். மலையில் பிறந்து வளர்ந்தவர், தமிழில் மலையாளம் கலந்து வரும். நான் வந்த விஷயம் அவர் காதுக்கு வந்திருந்தது.

"பேயா ஆளா, ஏது?" என்றார்.

"ஆளுன்னுதான் தோணுது."

பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "அண்ணே, இந்த மலையில பேர் மாத்திக்கிட்டு இருக்கிறவன் எத்தனையோ பேரு. வெறுதே நான் ஒருத்தனைச் சொல்லக் கூடாது. அப்பறத்து எஸ்டேட்ல ஒரு ஆளு உண்டு. வந்து ஒண்ணரை வருஷம் இருக்கும். கீழ்நாட்டுக்காரன்தான். லைன் வீட்டுல குடும்பமா இருக்கான். அவனா இவனான்னு எனக்கு அறியாது. ரெண்டு மைல். ஆள் கூட அனுப்புறேன், போயி பார்த்துட்டு வாங்க."

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்றேகால். போடிமெட்டிலிருந்து கடைசி ஜீப்பு நாலரைக்கு. அங்கே போக முக்கால் மணி. பார்க்கக் கால் மணி. திரும்பி வர முக்கால் மணி. மெட்டுக்கு நடக்க ஒன்றேகால் மணி. நாலே காலுக்குப் போய்விடலாம். கால் மணி நேரம் மிச்சம்.

"நேரமாயிரும்" என்றேன். "இன்னொரு நாள் பார்க்கலாம்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று மணிக்குள் மெட்டுக்கு வந்துவிட்டேன். ஜீப்பு வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், ரோட்டின் விளிம்பு வரை போய்க் கீழே பார்த்தேன். பனியில் ஊர் தெரியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். பாதத்தைப் பற்றி அவள் சொன்னதை நான் தள்ளிவிட்டேன், அட்டையைப் பற்றி அவள் சொன்னதை எடுத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை. அத்தை பாதத்தைப் பிடித்துக்கொண்டார், நான் அட்டையைப் பிடித்துக்கொண்டேன், என்ன வித்தியாசம்? முகம் தப்பாக இருக்கலாம். மசங்கல், சாக்கு முக்காடு, எவனோ ஒருவன். இவ்வளவு யோசித்தவன் இரண்டு மைல் நடந்திருந்தால் யோசிக்கவே வேண்டியிருந்திருக்காது. அதை நினைக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். மூன்று டீ குடித்தேன்.

வீட்டுக்கு வர ஆறே முக்கால். தங்கை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்திருந்த இடம், கால், கத்தி முதுகு, ரத்தம், இலை. செத்த மாட்டைப் பற்றிச் சொன்னதும் அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எந்தக் கால்ண்ணே?"

"அதைக் கேக்கலை."

"சரி. வேற என்ன சொன்னாக?"

"அவ்வளவுதான்."

டைரியை எடுத்து எழுத உட்கார்ந்தேன். 10.15 தோட்டம். 12.30 ஓடைக்கரை. 1.15 என்று போட்டேன். அதற்குப் பக்கத்தில் எழுத எதுவும் வரவில்லை. அந்த இடத்தை விட்டுவிட்டு 2.50 போடிமெட்டு என்று எழுதினால், 1.15க்கு என்ன நடந்தது என்று நாளைக்கு நானே கேட்பேன். பேனாவை மூடி வைத்தேன். தங்கை போகாமல் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க எழுதாம விட மாட்டீகளே" என்றாள்.

கங்காணி சொன்னதைச் சொன்னேன். லைன் வீடு, குடும்பம், இரண்டு மைல், மிச்சமிருந்த கால் மணி நேரம் எல்லாவற்றையும்.

முதலில் பேசியது என் மனைவிதான். அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "இதை இத்தோட விட்டுருங்க. யாரும் எதையும் பார்க்கலை. நாளைக்குக் கருமாதி நடக்கட்டும். தாலி அறுத்தவளுக்கு ஊர்ல ஒரு மரியாதை உண்டு. புருஷன் விட்டுட்டுப் போனவளுக்கு அதுவும் கிடையாது. வாழாவெட்டின்னு சொல்வாக, இவ என்ன செஞ்சாளோன்னு சொல்வாக. அந்த அத்தைக்கும் மகன் நல்லவனாவே போய்ச் சேர்ந்தான்னு இருக்கும்."

அவள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. என்னால் மறுக்க முடியவில்லை. டீக்கடை பெஞ்சில் எனக்குள் ஓடியதும் இதுதான், வார்த்தையாக வரவில்லை, அவ்வளவுதான்.

"அதுக்காக இருக்கிற மனுசனுக்கு எள்ளும் தண்ணியும் விடச் சொல்றீகளா மதினி?" என்றாள் தங்கை.

"அவன் உனக்கு இருந்தும் இல்லையேடி."

"இல்லைன்னா நான் அதைத் தெரிஞ்சுக்கிடணும்ல. கோடாங்கி சொல்லி அறுக்கணுமா? பூ சொல்லிக் கட்டிக்கிட்டுத் திரியணுமா?" அழுகையோடுதான் பேசினாள், ஆனாலும் நிறுத்தவில்லை. என் பக்கம் திரும்பினாள். "கால் மணி நேரம் மிச்சம் இருந்துச்சுன்னு சொன்னீகளே. ஏண்ணே போகலை?"

"பயமா இருந்துச்சு."

"யாருக்குப் பயம்? எனக்கா, உங்களுக்கா?"

எனக்கு என்றேன். அது உண்மை. அவர் அங்கே இருந்தால் தங்கை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான். இல்லாவிட்டால் கோடியைப் போட வேண்டியவனும் நான். இரண்டும் தெரியாத வரைக்கும் நான் வெறும் அண்ணன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் சிலமலைக்குப் போயி நாளைக்குக் கருமாதி வேண்டாம்னு சொல்லிர்றேன். அதை மட்டும் சொல்றேன். நீங்க மலைக்குப் போங்க. பார்த்துட்டு வந்து சொல்லுங்க. நெனைச்சுட்டு வந்து சொல்லாதீக."

"தனியாவா போற? அங்க பந்தல் போட்டிருப்பாக, சனம் கூடியிருக்கும்."

"எங்க மாமியா வீட்டுக்கு எனக்கு வழி தெரியாதா?" என்றாள்.

அன்றைய டைரியில் 1.15க்குப் பக்கத்தில், "கங்காணி இடம் சொன்னார். நேரம் இருந்தது. போகவில்லை" என்று எழுதினேன்.

15ஆம் தேதி திங்கட்கிழமை. முதல் வேலையாக டாக்டருக்கு ஒரு நாள் லீவு கேட்டு எழுதி மனைவியிடம் கொடுத்தேன். காரணம் எழுத வேண்டிய வரியில் காரணம் எழுதவில்லை. அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஐந்தரைக்கு நானும் தங்கையும் பஸ்ஸ்டாண்டில் நின்றோம். எப்போதும் போலப் பொட்டு வைத்திருந்தாள். முதலில் அவள் பஸ் கிளம்பியது. ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து, "பொறுமையாப் பேசுங்கண்ணே, சண்டை போட்றாதீக" என்றாள்.

ஜீப்பு டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, நேத்துத்தானே போயிட்டு வந்தீக? எதையாச்சும் விட்டுட்டு வந்துட்டீகளா?" என்றார்.

"ஒரு ஆளைப் பார்க்காம வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.